இதோ, செத்துட்டு வரேன்!

"ஏங்க, தட்டு போட்டாச்சு" என்று மனைவி கூப்பிட்டால் "இதோ, செத்துட்டு வரேன்" என்று பதில் சொல்கிற ஆள் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். வீட்டுக் கடன் இருக்கும். ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் இந்தப் பேச்சைக் கேட்டு "வாயைக் கழுவுடா" என்று பதறிய அவருடைய அம்மா இப்போதெல்லாம் பதறுவதில்லை. "செத்தாச்சாப்பா? ரசம் ஆறிப் போகுது" என்று சமையலறையிலிருந்தே விசாரிக்கிறார்.

யாரென்று அடையாளம் சொல்லப் போவதில்லை. என் தங்கை பத்திரிகை விடாமல் படிக்கிறவள்.

இவரிடம் எதைக் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "ஆன்லைன் கேம், நடுவுல நிறுத்த முடியாது." பொய்யில்லை. அவர் ஆடுகிற பப்ஜியில் 100 பேர் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் தீவு. நீல வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து எல்லாரையும் ஒரே மூலைக்குத் தள்ளும். கடைசிவரை தாக்குப்பிடித்தால் ஒரு மேட்ச் அரை மணி நேரம். இவருக்கு அம்மா கூப்பிடுகிறார் என்று மற்ற 99 பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே ஆட்டத்துக்குப் பதில் வீடு நிற்கிறது. மோட்டார் போட்டு மாடித் தொட்டி வழிந்தால் தண்ணீர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கினால் அதுவும் பொறுக்க வேண்டும். பால் மட்டும் இதுவரை ஒத்துழைத்ததில்லை.

சிலிண்டர் வருகிற அன்றைக்குத்தான் வேடிக்கை. கேஸ் இணைப்பு இவர் பெயரில். ஓடிபி வருவது இவர் போனில். போனோ கடைசி வட்டத்தில். கீழே சிலிண்டர்காரர் "ஓடிபி சொல்லுங்கம்மா" என்று குரல் கொடுக்கிறார். தங்கை படியேறி வந்து "ஏங்க, ஓடிபி" என்கிறாள். "நாலே பேர்தான் பாக்கி, ஒரு நிமிஷம்." அவள் கீழே போய் "ஒரு நிமிஷம் அண்ணா" என்கிறாள். "இன்னும் பதினஞ்சு வீடு இருக்கும்மா." மறுபடி மேலே. "ரெண்டு பேர்தான் பாக்கி." சிலிண்டர்காரர் பொறுமை இழந்து செய்தியை மறுபடி அனுப்புகிறார். அது திரையின் உச்சியில் வந்து விழுகிறது. அதை விரலால் தள்ளிவிடுகிற அரை நொடியில் புதருக்குள் கிடந்தவன் சுட்டுவிடுகிறான். ஆள் காலி.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டாவது இடத்தில் தோற்றவர் பால்கனிக்கு வந்து, தோளில் சிலிண்டரோடு நிற்கிற அந்த மனிதரைப் பார்த்து "உங்களால செத்தேன்" என்கிறார். அவர் பாவம், அரண்டுபோய், "நான் என்ன சார் பண்ணேன்?" என்று தங்கையைப் பார்க்கிறார்.

அரசாங்கமும் முயன்று பார்த்தது. 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தது. அக்டோபர் 30-ல் சர்வரை அணைக்கிறவரை நம்மவர் ஆடித் தீர்த்துவிட்டு நவம்பரில் மனிதரானார். அந்தத் தீபாவளிக்குப் பரணை ஒழித்தார், மின்விசிறிகளைத் துடைத்தார், அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். "என் பிள்ளைக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார். 2021 ஜூலையில் அதே ஆட்டம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. 2022-ல் அதையும் தூக்கினார்கள். 2023 மே மாதம் அதுவும் திரும்பியது, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான் என்ற வரம்போடு. அதை அவர் ரேஷன் கார்டில் போட்ட அளவு மாதிரி எடுத்துக்கொண்டார். "ஆறு மணி நேரம் அனுமதி. நான் மூணுதான் ஆடறேன். மீதி மூணும் குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்தது."

இந்த ஆட்டம் கற்றுக்கொடுத்த இந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திப் பிரச்சார சபையின் பிராத்மிக் பரீட்சைத் தாளைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு "பாய், பீச்சே தேக்கோ!" என்று கத்துகிறார். ராஷ்ட்ரபாஷா வரை எழுதிய எனக்கு வடக்கே ரயிலில் தண்ணீர் கேட்க வராது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரவு அவரோடு ஆடுகிற மூன்று பேரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருவன் துபாய், ஒருவன் ஓசூர், ஒருவன் தென்காசி. காதில் மாட்டிக்கொண்டு அவர்கள் பேசுவதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். துப்பாக்கியைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஒருவனுடைய அப்பாவுக்கு ஆஞ்சியோ, ஒருவனுக்கு வேலை ஆட்டம் காண்கிறது, பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது. நடுநடுவே "இடது பக்கம் ஆள்றா". இந்த ஆட்டம் இல்லாவிட்டால் நான்கு பேரும் பொங்கலுக்கு ஒரு படம் அனுப்பிக்கொள்வதோடு சரி.

அன்றைக்கு எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது. அது நெடுநேரம் நிலைக்கவில்லை. ஓசூர்க்காரன் அடிபட்டு விழுந்ததும், "ஓடாதே, அசையாம இரு, நான் வந்துட்டேன்" என்று இவர் குண்டு மழைக்கு நடுவே ஓடி, பக்கத்தில் குந்தி, அவனை எழுப்பிவிட்டு, தன்னிடமிருந்த கட்டுத்துணியையும் கொடுத்தார். அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்து அன்று மூன்றாவது நாள். சீட்டு அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஓடிவரத் தெரியாத மனிதர் இல்லை இவர். கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவர்தான், குரல் காதில் மாட்டியிருப்பதற்குள்ளிருந்து வர வேண்டும். இதை நேரில் கேட்டிருப்பேன். வீட்டு மாப்பிள்ளையைக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

தங்கை கேட்கவில்லை, மாற்றிவிட்டாள். கேஸ் இணைப்பில் இப்போது அவள் நம்பர். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானே நிற்க ஒரு கருவி வாங்கி மாட்டிவிட்டாள். மாத்திரையை மாதாமாதம் மருந்துக்கடைப் பையனே கொண்டுவந்து கொடுக்கிறான். குழந்தையின் டைரியில் கையெழுத்து பாட்டி போடுகிறார். போன வாரம் போயிருந்தபோது மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்தபடி என்னிடம் நியாயம் கேட்டார்:

"நீங்களே சொல்லுங்க, நான் ஆடறதால இந்த வீட்ல எந்த வேலையாவது நின்னிருக்கா?"