கட்டிய பணமும் நடத்தாத பாடமும்

கேள்வி: மகன் நீட் பயிற்சியை பாதியில் விட்டுவிட்டான். முழுக் கட்டணமும் கட்டியாயிற்று. ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதிலேயே இருக்கிறதே? – வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: ரசீதை அச்சடித்தது அச்சகம், சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம்! பயிற்சி மையங்கள் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் சொல்லிவிட்டது. பாதியில் விலகுபவருக்கு மீதிக் காலக் கட்டணத்தை, விடுதி, உணவுப் பணம் உட்பட, 10 நாளில் தரச் சொல்கிறது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டு நெறிமுறை. ‘அது நெறிமுறைதானே’ என்பார்கள் மையத்தார். ஆம், ஆனால் எது நியாயம் என்பதற்கு அரசே வைத்த அளவுகோல் அது. ‘இடம் காலியாகிவிட்டதே’ என்றால், நடத்திய மாதங்களுக்கு எடுத்துக்கொள்ளட்டும். நடத்தாத பாடத்துக்கு எதற்குக் கூலி? எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், மையம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது.