பேரும் அரைப்பேரும்

இரத்தினபுரி பிரித்துப் பார்ப்பதில் கெட்டிக்கார ஊர். கல்லை ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே, நம் மண்ணுக் கல்லா, பிறநாட்டுக் கல்லா, சுட்ட கல்லா என்று சொல்லிவிடும் முதலாளிமார் இங்கே உண்டு. ஆள் விஷயத்தில்தான் அந்தக் கண் எடுபடவில்லை, காகிதம் தேவைப்பட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அப்பா இங்கே பிறந்தது போதவில்லை. அவருடைய அப்பா இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. எங்கள் தோட்டத்து ஆட்களுக்குப் பிள்ளை பிறந்ததெல்லாம் லயத்துக் காம்பராவில். மருத்துவச்சிக் கிழவி எந்தப் பதிவையும் வைத்திருக்கவில்லை. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனத்தில் பெரும்பாலானோருக்கு அடுத்த தேர்தலில் வாக்கே இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் கணக்கைப் பார்த்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். பெரியப்பா அந்தக் கரைக் கணக்கு, அப்பா இந்தக் கரைக் கணக்கு. இருவரும் பிறந்தது ஒரே காம்பராவில்.

அப்பாவும் அம்மாவும் ரப்பர் மலையில் பால் வெட்டினார்கள். விடியலில் ஒரே பிரட்டுக்களம், மதியம் ஒரே நிறுவை. கணக்குப்பிள்ளை பால் வாளிக்குள் மெட்ரோலாக்கை மிதக்க விட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு ஆண்பால் பெண்பால் தெரியாது, பேர் பதியும் செக்ரோலுக்குத் தெரிந்திருந்தது. முழுப்பேர் விழுந்தாலும் அம்மாவுக்குக் கூலி குறைவு. சங்கக் கூட்டத்தில் தோட்டத் துரையின் அநியாயத்தைப் பேசிப் பேசித் தொண்டை கட்டிய அப்பா, சம்பள நாளில் அம்மாவின் பணத்தையும் தன் கையிலேயே வாங்கிக்கொள்வார். 1984இல் கூலி சமமானது. வாங்குகிற கை மாறவில்லை.

எங்களை எல்லாம் சமமாக நடத்தியவர்களும் இருந்தார்கள். 1977, 1981, 1983 ஆண்டுகளில் லயத்துக்கு நெருப்பு வைக்க வந்தவர்கள், பிரஜாவுரிமை உள்ளவன், இல்லாதவன் என்று யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது காலம் நல்ல காலம். நாடற்றவர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்ந்தது. 2024இல் எங்கள் மாவட்டத்திலிருந்தே சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் போய்ப் பிரதி அமைச்சரும் ஆனார். சிங்களக் கிராமங்களும் வாக்குப் போடாமல் அது நடந்திருக்காது. எங்களுக்குள்ளும் யாரும் சாதி கேட்பதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள், "தாத்தா மேட்டு லயமா, பள்ளத்து லயமா?" என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள்.

பேத்தியின் பிறப்புச் சான்றிதழுக்காக ஓர் அரச அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளை எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அங்கிள், தமிழ் போம் முடிஞ்சி. சிங்களத்தில எழுதுறதா? நான் நிரப்பித் தாறேன்."

அவள் மேல் குற்றமே இல்லை. அப்பாவை வாசலில் நிற்க வைத்து இல்லை என்றார்கள். என்னை உட்கார வைத்து இல்லை என்கிறார்கள். எத்தனை கிழமையாகத் தமிழ்ப் படிவம் இல்லை என்று கேட்டேன். அவள் வேலைக்குச் சேர்ந்தே இரண்டு வருஷமாம். தமிழ்ப் படிவத்தைக் கண்ணால் கண்டதில்லையாம்.

இதையெல்லாம் முறையிட அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. அதை அமைத்த 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் இலக்கமும் 18தான். எங்களுக்கு அந்த எண் ராசி போலும். விவரமாக ஒரு முறைப்பாடு எழுதினேன். கடைசியில் பதில் அனுப்ப முகவரி வேண்டுமே? லயத்துக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை. கடிதமெல்லாம் தோட்ட ஆபிசுக்குத்தான் வரும். அங்கே ஆறி அமர்ந்து, யாராவது இந்தப் பக்கம் வரும்போது கையில் வந்து சேரும். அந்த முகவரியையே போட்டேன். எனக்கு நியாயம் கிடைத்தால், அது முதலில் துரைக்குத்தான் தெரியும்.