கேடிக்குத் தரும் கூலி

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆற்காட்டை அடுத்துள்ள மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் கூடங்கள் உண்டு, காலணித் தொழிற்சாலைகள் உண்டு, 1965இல் தொடங்கப்பட்ட சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி உண்டு. கோல்ஃப் மைதானம் மட்டும் இல்லை. ஆயினும் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து உடன் நடக்கும் கேடி என்னும் உதவியாளருக்கு (காவல் நிலையப் பதிவேட்டிலுள்ள கேடியோடு இவருக்கு உறவில்லை) கூலி கொடுப்பது தகுமா என்ற ஆராய்ச்சி இவ்வூருக்கு அயலானதன்று. ஐரோப்பாவிலிருந்து வரும் பையர், அதாவது காலணிக்கு ஆர்டர் கொடுப்பவர், ஜோடிக்கு இரண்டு ரூபாய் ஏற்றித் தர மறுத்துவிட்டு, மீதியை நாளைக் காலை ஆட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால், வாழ்நாளில் மட்டையைத் தொட்டறியாத தொழிலதிபரும் விடிவதற்குள் சென்னை நந்தனத்து கோல்ஃப் மைதானத்தில் போய் நிற்க வேண்டியவராகிறார்.

கூலியைச் சுமைக்கூலியாக மட்டும் கொண்டால் கணக்கு எளிது. முழு ஆட்டமென்பது 18 குழிகள், ஏறத்தாழ ஆறேழு கிலோமீட்டர் நடை. பையில் விதி அனுமதிக்கும் மட்டைகள் அதிகபட்சம் 14. இவற்றை இழுத்துச் செல்லச் சக்கரம் வைத்த டிராலி போதும். அது பக்‌ஷீஸ் கேட்பதில்லை, பந்து குட்டையில் விழும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதுமில்லை. ஆனால் புதருக்குள் புகுந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடமாக இருந்த அவகாசம் 2019 முதல் மூன்று நிமிடமாகக் குறைந்துவிட்டதால், பந்து விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துவைப்பவர் இல்லாதவர் வாங்கிய பந்துகளின் விலையையும் செலவில் சேர்த்தெழுத நேரிடும்.

கேடியின் உண்மையான மதிப்பு அறிவுரை பற்றிய விதியில் இருக்கிறது. எந்த மட்டையால் அடிப்பது, குழியைச் சுற்றிப் புல்லை ஒட்டக் கத்தரித்த கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்பதையெல்லாம் தனியாக ஆடுபவர் தம் கேடியிடம் மட்டுமே கேட்கலாம். எதிர் ஆட்டக்காரரிடம் கேட்டால் தண்டனை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கேடிதான் என்பதும் விதி. பெரியமேட்டுத் தோல் மண்டிக்குப் போவதானாலும் மச்சான், கணக்கர், கார் டிரைவர் என மூவரைக் கூட்டிக்கொண்டு போய், மூவரிடமும் கேட்டுவிட்டு நான்காவதொரு முடிவெடுக்கும் வணிகருக்கு இவ்விதியைவிடக் கொடிய விதி வேறு இருக்க முடியாது.

அந்த ஒரே கேடியின் வேலை தோல் தரம்பிரிப்பவரின் வேலையை ஒத்தது. சன்னலோர மேசையில் விரித்த தோலின்மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டி, உண்ணி கடித்த தழும்பையும் உரிக்கும்போது விழுந்த கத்திக்கீறலையும் விரலாலேயே கண்டு, முதலாளியின் முகத்தைப் பாராமல் மூன்றாம் செலக்‌ஷன் குவியலில் வீசுபவர் அவர். கேடியும் பந்துக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணைச் சுருக்கிப் புல்லின் சரிவைப் பார்த்து, இரண்டு விரற்கடை இடப்பக்கம் என்கிறார். ஆட்டக்காரர் வலப்பக்கம் அடிக்கிறார். பந்து குழியைத் தொடாமல் போகிறது. குறை கிரீனின் மேல் சுமத்தப்படுகிறது. பல மைதானங்களில் பையைச் சுமப்பவரே பைக்கு உரியவரைவிட நன்றாக ஆடுபவர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இலும் 1993இலும், பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இலும் இந்திய ஓப்பன் பட்டத்தையே வென்றார்கள். முதல் செலக்‌ஷன் சரக்கு ரிஜெக்‌ஷன் விலைக்குக் கிடைக்கும் இடம் தோல் மண்டியிலும் இல்லை.

மறுதரப்பும் உண்டு. 2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி நாளில், முன்னணியில் இருந்த வேல்ஸ் வீரர் இயன் வூஸ்னம் இரண்டாம் குழிக்கு முதல் அடி அடிக்கும் முன், பையில் 15 மட்டைகள் இருப்பதாகக் கேடி அறிவித்தார். காலையில் சோதித்துப் பார்த்த கூடுதல் டிரைவர், அதாவது நெடுந்தூரம் அடிக்கும் மட்டை, எடுக்கப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டிருந்தது. இரண்டு அடிகள் தண்டனை, பட்டம் போயிற்று. வூஸ்னம் அப்போதும் அவரை வேலையைவிட்டு நீக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வேறொரு போட்டியில் கேடி தூங்கிப்போய் வராததால், வூஸ்னமின் பெட்டகத்தை உடைத்துக் காலணியை எடுக்க வேண்டிவந்தது, அன்றுதான் நீக்கினார். காலணி செய்து பிழைக்கும் ஊரில் இத்தீர்ப்பின் நியாயத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

எனினும் மேல்விஷாரத்துத் தொழிலதிபரின் வழக்கு தனி. அவர் வெல்லக் கூடாது. வென்றால் ஆர்டர் ஆம்பூருக்குப் போய்விடும். தோற்பதற்கு அவருக்கு யாருடைய உதவியும் வேண்டியதில்லை என்பதால் கேடிக்குக் கொடுப்பது முழு நட்டம் என்று கணக்கர் வாதிடுவார். ஆனால் விட்டுக்கொடுத்ததாகப் பையருக்குத் தோன்றாதபடி தோற்பது வேறு வித்தை. அதற்கு ஒவ்வொரு அடிக்கும் முன் தீவிரமாகக் கலந்தாலோசிக்கவும், காணாமற்போன பந்தை மூன்று நிமிடமும் கவலை தோய்ந்த முகத்தோடு தேடவும் அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். பேசிய கூலிக்கு மேல் கையில் திணிக்கும் இருநூறு ரூபாயைக் கணக்கர் பயணச் செலவில் எழுதிக்கொள்ளலாம்.