மதுரைக்கு வந்த பல்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள் நம் பக்கம். கடலுக்கு அந்தப் பக்கம், பல் போனால் ராஜ்ஜியமே போச்சு. புத்தரின் கோரைப்பல் யார் கையிலோ அவரே இலங்கைக்கு ராஜா. கிரீடத்தைக்கூட அசந்து வைக்கலாம், பல்லை வைக்க முடியாது.

பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசி. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன். நம்ம பொட்டிப்புரத்து மலையடிவாரமும் அவர் சீமைதான். அவருடைய ஆள் ஆரியச்சக்கரவர்த்தி படையோடு இலங்கைக்குப் போய் யாப்பகூவாவைப் புரட்டி எடுத்தார். அகப்பட்ட பொன்னோடு பல்லையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். "முத்து கேட்டா பல்லைக் கொண்டாந்திருக்கியேப்பா" என்று பாண்டியர் கேட்டதாக எந்த நூலும் சொல்லவில்லை. கேட்காமலா இருந்திருப்பார்?

பல்லைப் பறிகொடுத்த நாட்டுக்கு அடுத்து வந்த ராஜா மூன்றாம் பராக்கிரமபாகு. சண்டை போட்டு மீட்கக் கட்டுப்படியாகாது. சில வீரர்களோடு மனிதர் நேரே பாண்டியனிடமே வந்துவிட்டார். பட்டாவுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடப்பவரைப் போல தினமும் போய்ப் பேசிப் பேசியே பல்லை வாங்கிப் போனார் என்கிறது சிங்கள வரலாறு. பேச்சுவார்த்தையில் மதுரைக்காரர் தோற்றது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

அதே காலத்தில் சீனத்துக் குப்ளாய் கானும் இலங்கைக்கு ஆளனுப்பினார். தடித்த கடைவாய்ப் பற்கள் இரண்டு கிடைத்தன, ஆதாமுடையவையாம். ஊரே திரண்டு எதிர்கொண்டு வரவேற்றது என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். சிரிக்காதீர்கள். கண்ணுக்கே தெரியாத நியூட்ரினோ துகளைப் பிடிக்க மலையைக் குடைய 2015இல் அனுமதி வாங்கிய ஊர் நம்ம பொட்டிப்புரம்.

1560இல் போர்த்துகீசியர் முறை. யாழ்ப்பாணத்தில் அரசர் சங்கிலியைத் துரத்திய கோவா வைஸ்ராய் கொன்ஸ்தந்தீனோ துரைக்குக் கொள்ளையில் ஒரு பல் சிக்கியது. பர்மாவில் பெகு அரசர் மூன்று, நான்கு லட்சம் குருசாடோ காசு தருகிறேன் என்றார். கோவா கஜானாவோ காலி. தளபதிகளுக்கு நாக்கில் எச்சில். பேராயர் காஸ்பர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோர் முன்னிலும் தன் கையாலேயே பல்லை உரலில் போட்டு இடித்தார், நெருப்பில் கொட்டினார், சாம்பலை ஆற்றில் விட்டார். இப்படி ஒரு லாபத்தைக் கரைத்த ஆள் சரித்திரத்தில் வேறு யார்?

பிற்பாடு இலங்கையின் கோட்டே அரசரிடமிருந்து பெகுவுக்கு ஒரு பல் போய்ச் சேர்ந்தது. அது மான்கொம்பு என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் கூட்டோ போட்டு உடைத்தார். அசல் என்னிடம்தான் என்றது கண்டி. பெகுக்காரர் எதையும் காதில் வாங்காமல் பல்லைத் தடபுடலாக வரவேற்றார்.

1815இல் கண்டியைப் பிடித்தும் வெள்ளைக்காரனுக்கு நிம்மதியில்லை, ஊரெல்லாம் கலகம். 1818இல் பல் அவன் கைக்கு வந்த பிறகே ஜனங்கள் அவனை ராஜாவாக ஒப்புக்கொண்டார்கள்.

எசல பெரஹரா திருவிழா பார்க்கக் கண்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க: யானை மேல் ஊர்வலம் போவது பேழை மட்டும்தான். பல் தான் இருக்கும் மாளிகையை விட்டு வெளியே வருவதில்லை.