ஆயி வெட்டிய குளமும் டெல்லி எழுதிய விதியும்

பாரதி பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், புதுச்சேரி அரசின் சின்னத்தில்கூட இருக்கிறதே, அது யாருக்குக் கட்டியது? சாமிக்கா, கவர்னருக்கா, சண்டையில் ஜெயித்த தளபதிக்கா? ம்ஹூம். ஒரு தாசிக்கு!

ஊரில் சொல்லும் கதை இது. முத்திரையர்பாளையம் பக்கம் வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் ஜொலித்த மாளிகை ஒன்றைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். அது ஆயியின் வீடு. விஷயம் தெரிந்ததும் ராஜாவுக்கு வந்ததே கோபம்! தப்பாகக் கும்பிட்டது அவர் கை. இடிக்கச் சொன்னது அவள் வீட்டை.

ஆயி டைம் கேட்டாள். வீட்டைத் தானே இடித்து, அங்கே ஊருக்கு ஒரு குளம் வெட்டினாள். கட்டடத்தை இடித்துக் குளம், கவனியுங்கள்! ரியல் எஸ்டேட் நண்பர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போய்விடலாம்.

மூன்று நூற்றாண்டு கழித்து பிரெஞ்சுக்காரர்களுக்குத் தாகம். ஒயின் கப்பலில் வந்துவிடும்; குடிதண்ணீர் வராதே! 1860-களில் லமெரெஸ் என்ற இன்ஜினியர் முத்திரையர்பாளையத்திலிருந்து டவுனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். பாரீஸில் இருந்தபடியே ஆயி கதையைக் கேட்ட மூன்றாம் நெப்போலியன், மண்டபம் எழுப்பச் சொன்னாராம். லமெரெஸ் பிற்பாடு காமசூத்திரத்தை பிரெஞ்சில் கொண்டுவந்தார். தண்ணீர் செய்த வேலையா என்று இதுவரை யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை.

இப்போது டெல்லிக்கு வருவோம். 1971 ராம்சர் உடன்படிக்கை, மனிதர் வெட்டிய நீர்நிலையையும் ஈரநிலம் என்கிறது. 1982-ல் நாமும் அதில் சேர்ந்தோம். ஆனால் நம்முடைய 2017 ஈரநில விதிகளில், குடிதண்ணீருக்கென்று வெட்டிய குளம் சேராது, பாசனத்துக்குக் கட்டியதும் சேராது, நெல்வயலும் சேராது. ஐயா, எங்கள் பக்கம் ஏரி என்றாலே எவனோ ஒரு புண்ணியவான் வெட்டியதுதானே! ராயர் ஆயியின் வீட்டைத்தான் இடிக்கச் சொன்னார். விதி குளத்தையே லிஸ்ட்டிலிருந்து தூக்கிவிட்டது.

ஊசுட்டேரியும் பாசன ஏரிதான். அது தப்பித்தது பறவைகளின் சிபாரிசில். வெட்டியவனுக்குக் கிடைக்காத மரியாதை, விருந்துக்கு வந்தவனுக்கு! ஆனால் ஏரி இரண்டு ராஜ்ஜியத்தில் கிடக்கிறது. தன் பாதியைப் புதுச்சேரி 2008-ல் சரணாலயமாக்கியது. தமிழ்நாட்டுக்கு மனசு வர இன்னும் சில வருஷம் பிடித்தது. அதுவரை நாமக்கோழி சரணாலயத்தில் முங்கி, சாதா ஏரியில் தலை தூக்கியது.