நயம் பாராட்டத் தெரிந்தால் போதும்

தமிழ்த் தேர்வில் ‘நயம் பாராட்டுக’ என்றொரு கேள்வி வரும். பாடலைப் படிக்கும் முன்பே விடை தயார்: முன்னுரை, மையக்கருத்து, மோனை, எதுகை, அணி, முடிவுரை. சந்த நயம் கட்டாயம் செவிக்கு விருந்தளிக்கும். மழையைப் பாடினாலும் மரணத்தைப் பாடினாலும் பந்தி உண்டு.

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, கோட்டைக் கொடிகள் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டி மறிப்பதாக இளங்கோ பாடினார். காற்றில் தானே அசையும் கொடிமேல் புலவர் தம் குறிப்பை ஏற்றுவதால் அது தற்குறிப்பேற்ற அணி. விளக்கம் எழுதினால் மதிப்பெண். ‘கொடிக்குத் தெரிந்தது கோவலனுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் வந்தது’ என்று ஒரு மாணவி எழுதினால் சிவப்பு மைதான். ஆத்திரம் விடைக்குறிப்பில் இல்லை.

தண்டியலங்காரம் கூறும் பொருளணிகள் 35. அவற்றை இனங்காணப் பயிற்சி தருகிறோம்; கொடியைப் பார்த்துப் பதறுவதற்குப் பாடவேளை ஒதுக்கவில்லை.

விடைத்தாள் திருத்துவோருக்கு ஒரு விண்ணப்பம்: எதுகை மோனைக்குக் கொடுத்தது போக அரை மதிப்பெண் மிஞ்சினால், அந்த ஆத்திரத்துக்குக் கொடுங்கள். இளங்கோ ஆட்சேபிக்க மாட்டார்.