‘ஆறிடுச்சு’ என்னும் தீர்ப்பு

கொல்லையிலோ மொட்டைமாடியிலோ செங்கல் அடுக்கி விறகடுப்பு மூட்டி, ஞாயிறுதோறும் பிரியாணி சமைக்கும் வழக்கம் நகரத்து ஆடவரிடையே வேரூன்றிவிட்டது. அதன் தோற்றம், வளர்ச்சி, புகைப்படம் எடுக்கும் கோணங்கள் ஆகியவற்றை விரிக்க வேண்டியதில்லை. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அதன்பின் எஞ்சும் சாம்பலை மட்டுமே. தம் முடிந்ததும், அதாவது மூடியின்மேல் கங்கு பரப்பிக் கீழும் மேலுமாகச் சூடேற்றும் கடைசிக் கட்டம் முடிந்ததும், அன்று ஒருநாள் மட்டும் சமையற்கலைஞர் எனப்படுபவர் கைகழுவிப் பந்தியில் அமர்ந்துவிடுகிறார். கங்கும் சாம்பலும் மற்ற ஆறு நாளும் அவ்வீட்டில் சமைப்பவரின் சொத்தாகின்றன. சாம்பலைத் தீங்கின்றி அள்ளும் முறையே இங்கு மையப்பொருள். அது இறுதியில் தரப்படும்.

அதற்குமுன் ‘ஆறிடுச்சு’ என்னும் தீர்ப்பு வழங்கப்படும் முறையை ஆராய்தல் இன்றியமையாதது. உண்டு முடித்த கலைஞர் அடுப்பருகே வந்து, இடக்கையை இடுப்பில் ஊன்றி, வலது உள்ளங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் உயரத்தில், ஆதீனகர்த்தர் ஆசி வழங்குவதுபோல் நீட்டி, கண்களைச் சற்றே சுருக்கி, சூடு படாததைச் சூடு இல்லாததாகக் கொண்டு தீர்ப்பை அறிவிக்கிறார். இவர் உள்ளங்கை மரபினர். சாம்பல் வெளுத்திருந்தால் ஆறிற்று என்று தொலைவிலிருந்தே முடிவு செய்வோர் கட்புல மரபினர். இவர்கள் நாற்காலியை விட்டு எழுவதில்லை. செருப்பு நுனியால் ஒருமுறை கிளறிப் புகை வருகிறதா என்று பார்ப்போர் பாதுகை மரபினர். புகை வந்தால் அதனை ஆவி என்பார்கள். இம்மூன்றுக்கும் வெளியே, சாம்பலைப் பாராமல் கடிகாரத்தை மட்டும் பார்த்து, “ஒரு மணி நேரம் ஆச்சே, இன்னுமா சுடும்?” என்று கேட்கும் காலவாதிகளும் உளர். இவர்களிடம் ஒரு கங்கை எடுத்துக் காட்டினால், அது விதிவிலக்கு என்பார்கள். இரண்டாவது கங்கைக் காட்டினால், கிளறியவர்மேல் குற்றம் சுமத்துவார்கள். மூன்றாவதைக் காட்டுமுன் உறங்கிவிடுவார்கள். உள்ளங்கை மரபினருள் வலக்கையே நம்பத்தக்கது என்போரும், புறங்கையே கூர்மையானது என்போரும் தமக்குள் மாறுபடுவர்; புறங்கைப் பிரிவினர் குழந்தைக்குக் காய்ச்சல் பார்த்த அனுபவத்தைச் சான்றாகக் காட்டுவர். இக்கட்டுரையாசிரியர் புறங்கைப் பிரிவைச் சேர்ந்தவர் என்று அவர் வீட்டில் ஒரு கருத்து உலவுகிறது. அதற்குப் போதிய சான்றில்லை.

நான்கு தரப்பினரும் மறப்பது ஒன்றே. சாம்பல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அன்றியும் கங்கிற்குச் செல்லும் காற்றைக் குறைப்பதால் அது அணைந்துபோகாமல் மெல்ல மெல்லக் கனன்றுகொண்டே இருக்கிறது. தீப்பெட்டியைச் செலவழிக்க விரும்பாத பாட்டிகள் இரவில் கங்கைச் சாம்பலால் மூடிவைத்து, விடியலில் கிளறிச் சுள்ளி போட்டு ஊதுகுழலால் ஊதி எழுப்பியது இந்தக் காரணத்தால்தான். சாம்பலுக்குள் நெருப்பை விடியும்வரை காத்த குடும்பத்தின் பேரன், அதே சாம்பல் ஒரு மணி நேரத்தில் நெருப்பைக் கொன்றுவிடும் என்று நம்புகிறான். எதிர்க்கட்சியின் அமைதியைப் பற்றி மேடையில் பேசும்போது ‘நீறு பூத்த நெருப்பு’ என்று முழங்குபவரும், வீட்டு அடுப்பருகே வந்தவுடன் நீறு மட்டுமே தெரிபவராகிவிடுகிறார். போதாக்குறைக்கு, பத்து கிலோ விறகு முற்றும் எரிந்தால் சாம்பல் சில நூறு கிராம்தான் தேறும். அடுப்பில் குவியலாகக் கிடப்பதில் பெரும்பகுதி எரியாத கரி, அதாவது இன்னும் செலவாகாத எரிபொருள்.

இந்த எரிபொருளை அள்ளிக் கொட்டுவதற்குத் தேர்ந்தெடுக்கப்படும் கலம் பிளாஸ்டிக் வாளி. செந்நிறம் கண்ணுக்குத் தெரியும் கங்கின் வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கு மேல். வாளி செய்யப்படும் பாலித்தீன் 130 டிகிரி அளவிலேயே உருகிவிடும். அண்மையில் ஒரு மொட்டைமாடியில் இத்தகைய வாளியைத் தூக்கியபோது கைப்பிடியும் சுவரும் மட்டும் மேலே வந்தன. அடிப்பாகம் தளஓட்டில் சிவப்பு வட்டமாக ஒட்டிக்கொண்டு, நடுவே கருகி, ஓரத்தில் நூல்நூலாக இழுபட்டு நின்றது. அது குளியலறை வாளி என்பதும், புதியது என்பதும், கட்டுரையின் நடுநிலையைப் பாதிக்கக்கூடிய செய்திகள் ஆதலால் விரிக்கப்படவில்லை. குளிர்காயவே வீட்டுக்குள் விறகடுப்பு வைத்திருக்கும் அமெரிக்காவில், கங்கு நான்கு நாள்கூட உயிரோடிருக்கும் என்று கருதித் தீயணைப்புத் துறையினர் இறுக்கமான மூடியுள்ள உலோகக் கலத்தில் சாம்பலை இட்டு, வீட்டிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். இங்கே அப்பத்தடி எல்லைக்குள்தான் தென்னங்கீற்றுப் பந்தல், பழைய செய்தித்தாள் கட்டு, எரிவாயு உருளை ஆகிய மூன்றும் பாதுகாப்பாக வைக்கப்படுகின்றன.

அந்தக் கலத்தை மழைக்கு ஒதுக்கி வீட்டுக்குள் வைப்பதும் தகாது. கனலும் கரி கார்பன் மோனாக்சைடை, அதாவது நிறமோ மணமோ இன்றி மூச்சை மாய்க்கும் வாயுவை, வெளியிடுகிறது. வேக்குவம் கிளீனரால் உறிஞ்சலாம் என்னும் யோசனை புதிய தலைமுறையுடையது. அக்கருவி கங்கிற்குக் காற்றையும் அளித்து, பைநிறைய உலர்ந்த தூசியையும் அளித்து, ஊதுகுழலுக்கு மோட்டார் பூட்டியதாகவே முடியும். சுட்ட அடுப்பில் தண்ணீரை ஊற்றினாலோ செங்கல் விரிசலிடும், ஆவி சாம்பலை முகத்தில் அடிக்கும், கரைசல் தரையெங்கும் ஓடும். அக்கரைசல் காரத்தன்மை மிக்கது, அதாவது கொழுப்பைக் கரைத்துத் தோலை அரிக்கக்கூடியது. பழைய பாத்திரங்கள் சாம்பல் பட்டு எண்ணெய்ப்பிசுக்கு நீங்கியது இக்காரத்தாலேயே. வண்ணம் பூசிய பழைய கதவுப் பலகையை எரித்த சாம்பலைப் பாத்திரத்துக்கோ செடிக்கோ காட்டலாகாது என்பதை மட்டும், யாரும் கேளாவிடினும், சொல்லிவைக்க வேண்டும்.

முற்றும் ஆறிய சாம்பல் எந்தத் தொட்டியில் சேரும் என்பது தனிச்சிக்கல். 1790 ஜூலை 31 அன்று அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமை, மரச்சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் முறையை மேம்படுத்திய சாமுவேல் ஹாப்கின்ஸுக்குக் கிடைத்தது. அத்தகைய பெருமையுடைய பொருள், தெருமுனைக்கு வரும் குப்பை வண்டியருகே மக்குவதா மக்காததா என்று விளங்காமல் கையில் நிற்கிறது. மக்கும் தொட்டியைக் காட்டினால் அது வெந்து முடிந்தது என்கிறார்கள். மக்காத தொட்டியைக் காட்டினால் அது மரம்தானே என்கிறார்கள். வாங்கிக்கொள்ளும் தூய்மைப் பணியாளருக்கோ உள்ளே கங்கு இருக்கிறதா என்பதே கேள்வி, அது நியாயமான கேள்வியும்கூட.

இனி, அள்ளும் முறை. முதலில் மூடியுள்ள தகர டின் ஒன்று வேண்டும். வீட்டில் இருப்பதோ முறுக்கு டின் ஒன்றே, அதனைத் தர அவ்வீட்டார் உடன்படவில்லை. குளியலறை வாளி வரும்வரை அதைப்பற்றிப் பேசவும் கூடாதாம்.